அறுபது யாருக்கு எப்போது வருகிறது?

நவம்பர் பிறந்தால் மைசூரின் வங்கிக் கிளைகளில் நிற்கும் கூட்டத்தின் சராசரி வயது ஏறிவிடும். ஓய்வூதியர்கள் தாம் உயிரோடிருப்பதை அரசுக்கு மெய்ப்பிக்க வேண்டிய மாதம் அது. தமிழ்நாட்டுக் கருவூலங்களில் 'நேர்காணல்' எனப்படுவதை இங்கே எல்லோரும் 'லைஃப் சர்டிபிகேட்' என்றுதான் சொல்கிறார்கள். 2014 நவம்பரில் மத்திய அரசு 'ஜீவன் பிரமாண்' என்ற பெயரில் இதை ஆதார் கைரேகையோடு இணைத்தது. தேய்ந்த ரேகைகளைக் கருவி ஏற்க மறுத்த தொல்லைகளுக்குப் பிறகு, முகத்தைக் காட்டி உறுதிசெய்யும் வழியும் வந்தது. எழுபத்தைந்து வயது மனிதர் எதிரே உட்கார்ந்து மகளுடைய வேலை மாற்றலைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கலாம். கருவி ஒப்புக்கொள்ளும்வரை அவர் இருக்கிறாரா என்பது தீராத கேள்விதான். உடலுக்கும் உடலைப் பற்றிய பதிவுக்கும் வழக்கு வந்தால் பதிவே வெல்லும் என்று பின்நவீனத்துவர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை இந்த வரிசை ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடுகிறது.

முதுமை பற்றிய மேற்கத்தியச் சமூகவியல் கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் பின்நவீனப் பார்வையால் வெகுவாக மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தை ஒரு சுற்றுப் பார்த்து, அதை மைசூரில் வைத்துச் சோதிப்பது இக்கட்டுரையின் வேலை. மைசூரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 'பென்ஷன்காரர்களின் சொர்க்கம்' என்ற பெயரைப் பெங்களூரு இழந்த பிறகும் இந்த ஊர் விடாமல் வைத்திருக்கிறது. சமஸ்தானத்து அலுவலகங்கள், 1916-ல் தொடங்கிய பல்கலைக்கழகம், ரயில்வே பணிமனை, 1950-ல் வந்த மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், 1969-ல் வந்த இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் என்று, மாதச் சம்பளமும் அதற்குப் பின் ஓய்வூதியமும் தரும் இடங்களால் வளர்ந்த ஊர் இது. இந்த ஊரின் தலைமகனாகக் கொண்டாடப்படும் விசுவேசுவரையாவே ஓய்வுபெற்ற பிறகு இங்கு வந்தவர்தான். 1908-ல் பம்பாய் மாகாணப் பணியிலிருந்து தாமாக விலகி, 1909-ல் மைசூரின் தலைமைப் பொறியாளர் ஆனார். 1912 முதல் 1918 வரை திவான். 1962-ல் இறந்தபோது நூறைக் கடந்திருந்தார். அவருடைய பெயர் சொல்லும் வேலைகளில் பெரும்பாலானவை அவர் ஓய்வுபெற்ற பிறகு செய்தவை.

தமிழ் வாசகருக்குப் பின்நவீனத்துவம் புதிய சரக்கல்ல. 1990-களில் 'நிறப்பிரிகை' போன்ற சிற்றிதழ்களில் அது அடிபட்டது. தமிழவன், நாகார்ஜுனன், அ. மார்க்ஸ் எனப் பலர் பல கோணங்களில் அதைப் பேசினார்கள். மையம், விளிம்பு என்ற அந்தப் பேச்சில் சாதி வந்தது, பாலினம் வந்தது, சிறையும் மனநோய் விடுதியும்கூட வந்தன. கிழவனும் கிழவியும் வந்ததாக எனக்கு நினைவில்லை. பேசியவர்கள் அப்போது இளைஞர்களாக இருந்தது ஒரு காரணமாக இருக்கலாம். இப்போது அவர்களுக்கும் வயதாகிவிட்டது. விவாதத்தைத் திறக்க நல்ல நேரம்.

முதலில் பின்நவீனத்துவத்துக்கு முன்னால் என்ன இருந்தது என்று பார்த்துவிடலாம். 1961-ல் எலைன் கம்மிங், வில்லியம் ஹென்றி இருவரும் கான்சாஸ் நகரில் நடந்த ஆய்வை வைத்து ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். வயதானவரும் சமூகமும் ஒருவரையொருவர் மெல்ல விட்டு விலகுவது இயல்பு, இரு தரப்புக்கும் அதுவே நல்லது என்பது அதன் சாரம். நம் ஊர்க்காரர் யாரேனும் அந்த நூலைப் படித்திருந்தால் வானப்பிரஸ்தத்தை அமெரிக்கர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று சிரித்திருப்பார். அதற்குக் கடும் மறுப்புகள் எழுந்தன. 1969-ல் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், தம் பகுதியில் முதியோருக்கு வீடு ஒதுக்குவதை அண்டைவீட்டார் எதிர்த்ததைப் பார்த்து, இனப் பாகுபாட்டைப் போல வயதுப் பாகுபாடு என்று ஒன்று இருக்கிறது என்றார். 1979-ல் கேரல் எஸ்டிஸ், முதியோர் நலம் என்ற பெயரில் வளர்ந்த துறைகளும் நிறுவனங்களும் முதியோரைவிடத் தங்களையே அதிகம் பேணிக்கொள்கின்றன என்று காட்டினார். 1981-ல் பீட்டர் டவுன்சென்ட், முதியவரின் சார்புநிலை உடலிலிருந்து வருவதல்ல, கட்டாய ஓய்வாலும் குறைந்த ஓய்வூதியத்தாலும் காப்பகங்களாலும் உண்டாக்கப்படுவது என்று வாதிட்டார்.

இவர்கள் தமக்குள் சண்டையிட்டாலும் ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒன்று. படிப்பு, வேலை, ஓய்வு என்று வாழ்க்கைக்கு மூன்று அறைகள் உண்டு, முதியவர் கடைசி அறையில் இருக்கிறார் என்பதை யாரும் கேள்வி கேட்கவில்லை. பின்நவீனப் பார்வை அறைகளின் சுவர்களிலேயே கைவைத்தது. வாழ்க்கைக்கு வரைபடம் என்று ஒன்று இருக்கிறதா, இருந்தால் வரைந்தது யார் என்று கேட்டது.

இங்கிலாந்து வரலாற்றாளர் பீட்டர் லாஸ்லெட் 1989-ல் எழுதிய நூலில் 'மூன்றாம் வயது' என்ற கருத்தை விரிவாக வைத்தார். பிள்ளைகளை வளர்த்து முடித்து, வேலையை விட்டு, உடல் இன்னும் ஒத்துழைக்கிற காலம் அது. தன் விருப்பப்படி வாழ முடிகிற பருவம். அதற்கு அப்பால் தள்ளாமையும் பிறர் கையை எதிர்பார்ப்பதுமான நான்காம் வயது. 1991-ல் மைக் ஃபெதர்ஸ்டோன், மைக் ஹெப்வொர்த் இருவரும் இன்னும் ஒரு படி போனார்கள். நுகர்வுப் பண்பாடு பருவங்களின் எல்லையைக் கரைத்துவிட்டது, அப்பாவும் மகனும் ஒரே சட்டையைப் போடுகிறார்கள், ஒரே விளையாட்டை ஆடுகிறார்கள், ஐம்பதிலும் அறுபதிலும் மனிதர்கள் தம்மைப் புதிதாக ஆக்கிக்கொள்கிறார்கள் என்றார்கள். அதிகாலையில் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நின்றால் அவர்கள் சொன்னது கண்ணில் படும். பட்டுக்கரைப் புடவைக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ, காதில் இயர்போன், மணிக்கட்டில் அடிகளை எண்ணும் கடிகாரம்.

ஃபெதர்ஸ்டோனும் ஹெப்வொர்த்தும் சொன்னவற்றில் அதிகம் பேசப்பட்டது 'முகமூடி' பற்றிய கருத்து. முதிய உடல் ஒரு முகமூடி, அதன் பின்னால் வயதாகாத ஒரு தன்னிலை மாட்டிக்கொண்டு கிடக்கிறது என்பது. கண்ணாடியில் தெரியும் கிழவர் நானில்லை என்று சொல்லும் எவருக்கும் இது உடனே பிடிபடும். எனக்கு இதில் பாதிக்குத்தான் உடன்பாடு. புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார் என்ற பெயரில் ஒரு பாட்டு இருக்கிறது. ஊன்றிய தடியே புலவருக்குப் பெயராகிவிட்டது. இளமையில் குளத்தில் குதித்து விளையாடியதை, இருமலுக்கிடையே நினைத்துப் பார்க்கும் முதியவரின் பாட்டு. அந்த முதியவர் இளைஞன் தனக்குள் ஒளிந்திருப்பதாகச் சொல்லவில்லை. அவன் போய்விட்டான் என்று அறிந்தே இரங்குகிறார். முகமூடிக் கோட்பாட்டுக்கு இந்த இழப்பு புரியாது. உள்ளே இருப்பது எப்போதும் இளமைதான் என்று வைத்துக்கொண்டால், முதுமைக்கென்று ஓர் உள்ளம் இருக்கக்கூடும் என்ற எண்ணமே அடிபட்டுப்போகிறது. இளமையே உண்மை, மூப்பு வெறும் வேஷம் என்பதும் வயதுப் பாகுபாட்டின் மரியாதையான வடிவம்தான்.

ஸ்டீபன் காட்ஸ் 1996-ல் எழுதிய நூல் வேறு வழியில் போகிறது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோவின் கருவிகளைக் கொண்டு, 'முதியோர்' என்ற மக்கள்தொகைப் பிரிவை யார், எப்போது, எந்த அறிவுத்துறையின் வழியே உருவாக்கினார்கள் என்று தேடுகிறார். ஜெர்மனியில் பிஸ்மார்க் 1889-ல் கொண்டுவந்த முதியோர் ஓய்வூதியத்துக்கு வயது எழுபது; 1916-ல்தான் அது அறுபத்தைந்தானது. நம் கதையிலும் இப்படியே. மத்திய அரசு ஊழியரின் ஓய்வு வயது ஐம்பத்தைந்தாக இருந்து 1962-ல் ஐம்பத்தெட்டானது, 1998-ல் அறுபதானது. கர்நாடகம் 2008-ல் அறுபதுக்கு வந்தது. தமிழ்நாட்டில் 2020 மே மாதம் ஐம்பத்தொன்பது, 2021 பிப்ரவரியில் அறுபது. ஒரே ஆண்டு இடைவெளியில் இரண்டு அரசாணைகள் பல்லாயிரம் பேரின் முதுமையைத் தள்ளிப்போட்டன. அவர்களுடைய முழங்கால்களை யாரும் கலந்தாலோசிக்கவில்லை. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி. எஸ். நடராஜன் முயற்சியில் 1978-ல் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவு வந்தபோது, அதுவரை பொது வார்டில் எல்லோரோடும் கிடந்தவர்கள் ஒரு தனி வகையினர் ஆனார்கள். அது அவர்களுக்கு நல்லதே செய்தது. வகைப்படுத்துவது எல்லாமே ஒடுக்குவது என்ற ஃபூக்கோவியர்களின் அவசரத்தை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

இந்தத் துறையின் நடுப்புள்ளி என்று கிறிஸ் கில்லியர்ட், பால் ஹிக்ஸ் இருவரின் 2000-ஆம் ஆண்டு நூலைச் சொல்லலாம். அவர்கள் கணக்கில் மூன்றாம் வயது என்பது ஒரு பருவமே அல்ல, ஒரு தலைமுறையின் பண்பாடு. போருக்குப் பின் பிறந்து, 1960-களின் பாட்டிலும் உடையிலும் வளர்ந்து, கையில் காசோடு ஓய்வுபெற்றவர்கள் உண்டாக்கிக்கொண்ட வாழ்முறை. நான்காம் வயதை அவர்கள் விண்வெளியின் கருந்துளையோடு ஒப்பிடுகிறார்கள். உள்ளே போனவர் என்ன நினைக்கிறார் என்பது வெளியே தெரியாது. வெளியே இருப்பவர்கள் அதைப் பற்றிய பயத்தை வைத்தே தம் வாழ்க்கையை அமைத்துக்கொள்கிறார்கள். நடைப்பயிற்சியும் சர்க்கரையில்லாக் காபியும் அந்தப் பயத்தின் பலன்கள்.

அந்தப் பயத்தின் சந்தையில் மைசூருக்கு உலக அளவில் ஒரு கடை உண்டு. 1933-ல் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் ஜகன்மோகன் அரண்மனையில் திருமலை கிருஷ்ணமாச்சார்யா யோகசாலை நடத்தத் தொடங்கினார். அரண்மனைக் குடும்பத்துச் சிறுவர்கள் அங்கே படித்தார்கள். துள்ளலும் வேகமும் நிறைந்த ஆசன வரிசைகள் இளம் உடல்களுக்காக அமைந்தவை. அங்கு பயின்ற பட்டாபி ஜோய்ஸின் வழியே அது 'அஷ்டாங்க யோகா' என்று உலகம் சுற்றி, கோகுலம் பகுதிக்கு வெளிநாட்டு மாணவர்களைக் கொண்டுவந்தது. ஐம்பதைத் தொட்டவர்களும் பாயைச் சுருட்டிக்கொண்டு வருகிறார்கள். சிறுவர்களுக்கான பயிற்சி மூப்பைத் தடுக்கும் மருந்தாக விற்கப்படுவது, உடலை ஒரு திட்டப்பணியாகப் பார்க்கும் நுகர்வுப் பண்பாட்டுக்கு ஃபெதர்ஸ்டோன் தேடிக்கொண்டிருக்கக்கூடிய சான்று. கிருஷ்ணமாச்சார்யா 1950-களில் சென்னைக்குக் குடிபெயர்ந்து, நூறு வயது கண்டு, 1989-ல் மறைந்தார். சென்னையில் அவர் கற்பித்த முறை வேறு. வந்தவரின் வயதையும் நோயையும் பார்த்து ஆசனத்தை மாற்றினார். அந்த மெதுவான யோகத்துக்கு கோகுலத்தின் வேகத்துக்குக் கிடைத்த உலகச் சந்தை கிடைக்கவில்லை.

மைசூரின் யாதவகிரியில் ஆர். கே. நாராயண் வாழ்ந்த வீடு 2016 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. 1967-ல் வந்த அவருடைய மிட்டாய்க் கடைக்காரர் நாவலின் நாயகன் ஜகன், மகனோடும் கடையோடும் மல்லாடிச் சலித்து, எல்லாவற்றையும் விட்டு ஒதுங்கப் போகிறான். போகும்போது மறக்காமல் காசோலைப் புத்தகத்தை எடுத்துக்கொள்கிறான். நாராயணின் குறும்பு என்று இதைச் சிரித்துவிட்டு நகரலாம். எனக்கு இது மூன்றாம் வயது பற்றி எழுதப்பட்ட மிகத் துல்லியமான குறிப்பாகத் தோன்றுகிறது. துறப்பதற்கும் ஒரு வங்கிக் கணக்கு வேண்டும்.

இதே ஊரில் 1929-ல் ஒரு தமிழ் ஐயங்கார் குடும்பத்தில் பிறந்து, மகாராஜா கல்லூரியில் படித்த ஏ. கே. ராமானுஜன் இந்த விவாதத்துக்கு இரண்டு சாவிகளைக் கொடுத்திருக்கிறார். முதியோர் சமூகவியலாளர்கள் அவற்றைத் தேடி எடுக்காதது வியப்புத்தான். ஒன்று, தந்தை மகன் உறவு பற்றிய அவருடைய கட்டுரை. கிரேக்கக் கதையில் மகன் தந்தையைக் கொல்கிறான். இந்தியக் கதைகளில் பெரும்பாலும் தந்தைதான் மகனிடமிருந்து பறிக்கிறான். யயாதி தன் மூப்பை மகன் பூருவுக்குக் கொடுத்து அவன் இளமையை வாங்கிக்கொள்கிறான். 1961-ல் வெளியான கிரீஷ் கார்னாடின் கன்னட நாடகம் இக்கதைக்கு ஒரு புதுப் பாத்திரத்தைச் சேர்த்தது: பூருவின் மனைவி சித்திரலேகா. ஒரே நாளில் கிழவனாகிப்போன கணவனைப் பார்த்து அவள் கேட்கும் கேள்விகளுக்கு மாமனாரிடம் பதில் இல்லை. அவள் உயிரை விடுகிறாள். முதுமையைத் தள்ளிப்போடுவதற்கான விலையை யாரோ ஒருவர் எங்கோ கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்பதை, பின்நவீன முதுமை பற்றிய எந்த மேற்கத்திய நூலும் இவ்வளவு கூர்மையாகச் சொல்லி நான் படித்ததில்லை.

தமிழில் இதற்கு நேர் எதிரான கதை இருக்கிறது. ஔவை திருமணத்திலிருந்து தப்ப விநாயகரிடம் வேண்டி முதுமையைப் பெற்றுக்கொண்டாள் என்பது வழிவழியாக வரும் கதை. காரைக்கால் அம்மையார் அழகை உதறிப் பேயுருவைக் கேட்டு வாங்கினார். அரசனுக்கு இளமை இன்பம், அதை அவன் விடமாட்டான். பெண்ணுக்கு இளமை பிறருடைய கண்காணிப்பு. அதைக் கழற்றி எறிந்தால் ஊர் ஊராகப் போகலாம், மன்னனிடம் வாதிடலாம். வயது ஒரு நடிப்பு, ஒரு தேர்வு என்று 1990-களில் சொல்லப்பட்டதை இந்தக் கதைகள் எப்போதோ தொட்டுவிட்டன, ஆனால் மறுதிசையிலிருந்து.

ராமானுஜன் தந்த இரண்டாவது சாவி, இந்தியச் சிந்தனை முறை பற்றி அவர் 1989-ல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை. நம் மரபில் அறம்கூட ஆளுக்கும் இடத்துக்கும் பருவத்துக்கும் தக்கபடி மாறும். நவீனம் எல்லோருக்கும் பொதுவான, சூழலைச் சாராத விதிகளைக் கொண்டுவர முயல்கிறது என்கிறார். அறுபது என்ற எண்ணை இப்படிப் பார்க்கலாம். திருக்கடையூரில் மணிவிழா நடக்கும்போது அறுபது என்பது ஒரு சுழற்சி முடிந்து பிறந்த வருடமே திரும்பி வருவது. அங்கே கிழவர் மாப்பிள்ளை. ஓய்வு உத்தரவில் அறுபது என்பது ஒரு கோடு. அதைத் தாண்டினால் நாற்காலி வேறொருவருக்கு. முதல் அறுபதுக்குக் குடும்பம் வேண்டும், இரண்டாவதற்கு வேலை வேண்டும். இரண்டும் இல்லாதவருக்கு அறுபது எப்போது வருகிறது?

மைசூரின் இன்னொரு பாதிக்கு இப்போது போகலாம். 'மைசூர் ஊதுபத்தி' புவிசார் குறியீடு பெற்ற பொருள். அதை நீண்ட காலம் உருட்டியவர்கள் வீட்டுத் திண்ணையிலும் தரையிலும் உட்கார்ந்த பெண்கள். மரக்கரித் தூளையும் ஜிகட் பசையையும் பிசைந்து, மூங்கில் குச்சியில் உள்ளங்கையால் உருட்ட வேண்டும். கூலி ஆயிரம் குச்சிக்கு இவ்வளவு என்று. பீடி சுற்றுவதிலும் இதே கணக்குத்தான். இந்த வேலையில் சேரும் நாளும் இல்லை, ஓயும் நாளும் இல்லை. பத்து வயதில் அம்மாவுக்கு உதவியாகத் தொடங்கி, கண் தெரிகிறவரை, விரல் மடங்குகிறவரை போகும். முப்பது ஆண்டுகள் உருட்டிய கையில் ரேகை மழுங்கிவிடும் என்பதால் ஆதார் கருவி அவர்களையும் அடையாளம் காணத் தடுமாறுகிறது. பிறகு எந்திரங்கள் வந்து கையுருட்டலைப் பெருமளவு தள்ளிவிட்டன. அப்போது அவர்களுக்குக் கிடைத்தது ஓய்வு அல்ல, வேலையின்மை.

படிப்புக்கும் வேலைக்கும் ஓய்வுக்கும் இடையிலுள்ள சுவர்கள் கரைந்துவிட்டன என்று ஃபெதர்ஸ்டோன் எழுதும்போது, முதலில் சுவர்கள் எழும்பிய நாடு ஒன்று அவர் மனத்தில் இருக்கிறது. இந்தப் பெண்களின் வாழ்க்கையில் சுவர்கள் எழுப்பப்படவே இல்லை. பருவங்கள் மங்கலாக இருப்பது அவர்களுக்கு விடுதலையாக வரவில்லை, ஆதியிலிருந்தே அப்படித்தான். மறுபுறம், ஏரிக்கரையில் நடப்பவரின் நெகிழ்ந்த, விளையாட்டான, தன்னைத் தானே ஆக்கிக்கொள்ளும் முதுமை எதன்மேல் நிற்கிறது? மாதத்தின் முதல் வாரத்தில் கணக்கில் விழும் ஓய்வூதியத்தின்மேல். அரசு உண்டாக்கியவற்றில் அதைவிட நவீனமான, அதைவிட விறைப்பான ஏற்பாடு இன்னொன்று கிடையாது. பணிக்காலத்தை நாள் கணக்கில் எண்ணி, கடைசிச் சம்பளத்தின் விகிதமாகச் சாகும்வரை கொடுப்பது. பின்நவீன முதுமை என்பது நவீன ஓய்வூதியத்தின் வட்டியில் வாழ்வது. இத்துறையின் நூல்களில் நான் குறையாகக் காண்பது இந்த ஒன்றைத்தான்.

சென்னைக் குடிசைப் பகுதிகளில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த பென்னி வேரா சான்ஸோ, முதியவர்களைச் சுமையாகப் பார்க்கும் வழக்கத்தைத் தலைகீழாக்கினார். பூ, காய்கறி விற்கும் பாட்டிகள் நகரத்துக்கு மலிவாகச் சோறு போடுகிறார்கள். வீட்டில் இருக்கும் பாட்டிகள் சமையலையும் பேரப்பிள்ளைகளையும் ஏற்றுக்கொண்டு மருமகளை வேலைக்கு அனுப்புகிறார்கள். இவர்கள் உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. மூன்றாம் வயது, நான்காம் வயது என்ற பிரிவில் இவர்கள் எங்கே நிற்பார்கள் என்று கேட்டால் லாஸ்லெட்டிடம் பதில் இருக்காது. இவர்கள் இன்னும் இரண்டாம் வயதிலேயே இருக்கிறார்கள், எழுபதிலும்.

எண்களைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் இந்திய மக்களில் 8.6 விழுக்காட்டினர் அறுபதைக் கடந்தவர்கள், கர்நாடகத்தில் 9.5, தமிழ்நாட்டில் 10.4. ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் 2023 அறிக்கைப்படி, 2050-ல் இந்தியர் ஐவரில் ஒருவர் முதியவர். அதே அறிக்கை, முதியோரில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மிக வறிய அடுக்கில் இருப்பதாகவும், 18.7 விழுக்காட்டினருக்கு வருமானமே இல்லை என்றும் சொல்கிறது. இந்திரா காந்தி முதியோர் ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு எண்பது வயதுவரை மாதம் ₹200, அதன்பின் ₹500. மேலே மாநிலங்கள் சேர்க்கின்றன. கர்நாடகத்தின் 'சந்தியா சுரக்ஷா' திட்டம் 2007-ல் வந்தது, அறுபத்தைந்து வயதானவர்களுக்கு. 2021-ல் அந்தத் தொகை ₹1,200 ஆனது. இதற்கும் பெயர் ஓய்வூதியம்தான். அரசு அலுவலரின் ஓய்வூதியத்துக்கு அகவிலைப்படி உண்டு. விலைவாசி ஏறினால் தானாக ஏறும். ஊதுபத்திப் பாட்டியின் ₹1,200 முதலமைச்சரின் அறிவிப்புக்குக் காத்திருக்கும். ஒருவருக்கு உரிமை, இன்னொருவருக்கு உதவி. வயது ஏற்றத்தாழ்வு என்பது முதியவருக்கும் இளைஞருக்கும் இடையே மட்டும் உள்ளதல்ல, முதியவருக்கும் முதியவருக்கும் இடையேயும்தான்.

பழைய கிராமத்தில் எல்லா முதியவருக்கும் மதிப்பிருந்தது என்று சொல்பவர்களுக்காக ஒரு சிறு விலகல். மைசூரில் 1916-ல் பிறந்த எம். என். ஸ்ரீநிவாஸ், 1948-ல் ஊருக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தில் தங்கி ஆய்வு செய்து, அதற்கு 'ராம்புரா' என்று புனைபெயர் வைத்தார். குறிப்புகளை ஒழுங்குபடுத்தி வைத்த பிரதிகள் 1970-ல் ஸ்டான்ஃபோர்டில் தீவைப்பில் எரிந்துபோக, நினைவிலிருந்தே எழுதிய நூல் 1976-ல் வந்தது. அதில் கம்பீரமாக வலம்வரும் மூத்தவர்கள், ஊர்த்தலைவரும் நாடு கவுடரும், நிலம் உள்ளவர்கள். தான் ஊரைப் பார்த்தது மேல்சாதியினரின், நிலக்காரரின் பக்கத்திலிருந்துதான் என்பதை ஸ்ரீநிவாஸே ஒளிக்காமல் சொல்கிறார். நிலமில்லாத கிழவரின் சொல் அந்தத் திண்ணைகளில் எவ்வளவு எடுபட்டது என்பதை அந்நூலில் தேட வேண்டியிருக்கிறது.

நான்காம் வயதுக்கு வருவோம். 1998-ல் வெளியான லாரன்ஸ் கோஹெனின் நூல் காசியில் செய்த களப்பணியில் பிறந்தது. முதியவருக்கு நினைவு தடுமாறினால் அமெரிக்காவில் மூளையைக் குற்றம் சொல்கிறார்கள், இந்தியாவில் குடும்பத்தை. மருமகள் சரியாகப் பார்க்கவில்லை, பிள்ளைகள் கெட்டுவிட்டார்கள், அதனால்தான் பெரியவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்பது வழக்கமான விளக்கம். கோஹென் இன்னொன்றையும் கண்டார். வசதியான தெருக்களில் முதியவரின் கோளாறு 'சூடேறிய மூளை'. அதே ஊரின் தலித் குடியிருப்பில் அது 'பலவீனம்'. அங்கே வயதான உடல் உழைத்துத் தேய்ந்த உடல். அதில் மூளையைத் தனியாகப் பிரித்து யாரும் பேசவில்லை. பின்நவீனக் கருவிகளைக் கையாண்டும் வர்க்கத்தையும் சாதியையும் கைவிடாத நூல் என்பதால் இத்துறையில் என் முதல் பரிந்துரை இதுதான். 2016-ல் வந்த ஹேமந்த் ராவின் கன்னடப் படம் 'கோதி பண்ண சாதாரண மைகட்டு' அல்சைமர் வந்து காணாமல்போகும் தந்தையை மகன் தேடும் கதை. அனந்த் நாக் நடித்த அந்தத் தந்தையின் நினைவுகளுக்குப் படம் இடம் கொடுக்கிறது. கருந்துளைக்குள் ஒன்றும் இல்லை என்று அது ஒப்புக்கொள்வதில்லை. இந்தியாவில் அறுபதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக 2023-ல் வெளியான மதிப்பீடு சொல்கிறது.

'கெட்ட குடும்பம்' என்ற கதைக்குச் சட்ட வடிவமும் கிடைத்தது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகளிடம் மாதம் ₹10,000 வரை பெற வழிசெய்கிறது. பராமரிப்பேன் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பராமரிக்காதபோது திரும்பப் பெறவும் அதன் 23-ஆம் பிரிவு இடம் தருகிறது. சொத்து இருந்த பெற்றோருக்கு இது ஆயுதம். எழுதிக்கொடுக்க ஒன்றுமில்லாதவர் கூலிக்காரப் பிள்ளையிடம் என்ன வாங்குவார்? அரசு தன் பொறுப்பைக் குடும்பத்தின் அறம் என்று பெயர் மாற்றி வைத்துவிட்டது என்ற விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. வங்கத்தில் ஆய்வு செய்த சாரா லேம்ப், முதியோர் இல்லத்தைக் குடும்பத்தின் சாவாகப் பார்க்காமல், அங்கே போனவர்கள் அதை எப்படிப் புதிய வீடாக்கிக்கொண்டார்கள் என்று 2009 நூலில் எழுதினார். 'வெற்றிகரமான முதுமை' என்ற அமெரிக்கப் பேச்சின்மேலும் அவருக்குக் கோபம் உண்டு. நோயில்லாமல், சுறுசுறுப்பாக, பிறரை நம்பாமல் வயதாவதே வெற்றி என்றால், மற்றவர்கள் எல்லாம் தோற்றவர்களா என்கிறார்.

பொதுவாக இந்தக் கட்டுரையில் ஆண்களைவிடப் பெண்கள் மோசமான நிலையிலேயே நிற்கிறார்கள். ஒரு விதிவிலக்கு. 2023 ஜூன் 11-ல் கர்நாடகத்தில் 'சக்தி' திட்டம் வந்து, அரசின் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாமல் போனது. சாமுண்டி மலைக்கும் தர்மஸ்தலத்துக்கும் பாட்டிகள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். நடத்துநர்கள் முணுமுணுத்தார்கள், பத்திரிகைகள் நெரிசலைப் படம் போட்டன. மகனிடம் காசு கேட்காமல் வீட்டைவிட்டு வெளியே போக முடிந்தது பல பெண்களுக்கு அறுபதுக்கு மேல்தான் வாய்த்தது. லாஸ்லெட்டின் மூன்றாம் வயதுக்கு இது ஒரு நாள் பயணம்தான், ஆனால் அசல். வழி திறந்தது பண்பாட்டு மாற்றமோ தன்னிலையின் நெகிழ்ச்சியோ அல்ல, ஓர் அரசாணை.

ஜான் வின்சென்ட், கிறிஸ் ஃபிலிப்சன் போன்ற இங்கிலாந்து ஆய்வாளர்கள் வருமானத்தையும் வர்க்கத்தையும் இத்துறையின் கண்முன் விடாமல் நிறுத்தியவர்கள். வின்சென்டின் 1995 நூலின் பொருளே முதுமையில் உள்ள ஏற்றத்தாழ்வுதான். இவர்கள் பக்கம் சாயும் எனக்கும், கில்லியர்ட், ஹிக்ஸ் இருவரையும் ஒதுக்க மனமில்லை. மூன்றாம் வயது ஒரு தலைமுறைக்கு உரியது, எல்லாத் தலைமுறைக்கும் தொடர வேண்டியதில்லை என்று காணும் கண் அவர்களிடம்தான் இருந்தது. மைசூரில் அந்தத் தலைமுறைக்கு முடிவுத் தேதி குறித்தாகிவிட்டது. மத்திய அரசுப் பணியில் 2004 ஜனவரி 1 முதலும், கர்நாடக அரசுப் பணியில் 2006 ஏப்ரல் 1 முதலும் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை. சம்பளத்தில் பிடித்துச் சந்தையில் போடும் பங்களிப்புத் திட்டம்தான். மத்திய ஊழியருக்கு 2025 ஏப்ரலில் ஓர் உறுதித் தொகைத் திட்டம் மாற்றாக வந்தது. 2006 மார்ச்சில் இருபத்திரண்டு வயதில் சேர்ந்த மாநில ஊழியர் 2044-ல் ஓய்வுபெறுவார். அதன்பின் இந்தச் 'சொர்க்க'த்துக்குப் புதிதாக வருபவர் அரிது.

நகரின் வடமேற்கில், ஹெப்பால் பக்கம், இன்ஃபோசிஸின் பெரிய பயிற்சி வளாகம் இருக்கிறது. இருபத்திரண்டு வயதுக்காரர்கள் ஆயிரக்கணக்கில் வந்து போகும் இடம். 2025 பிப்ரவரியில் உள்தேர்வில் தேறாத முந்நூறுக்கும் மேற்பட்ட பயிற்சியாளர்களை நிறுவனம் வெளியே அனுப்பியது செய்தியானது. வேலைக்கும் வேலையின்மைக்கும் இடையே சுவர் இல்லாத வாழ்க்கை அவர்களுக்கு இருபதுகளிலேயே தொடங்கிவிடுகிறது; ஊதுபத்திப் பெண்ணின் கணக்கும் ஏறக்குறைய இதுதான், ஏசி அறையும் ஆங்கிலமும் மட்டும் கூடுதல். அரசு ஊழியர்களோ தம் பழைய கணக்கைத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2023 மார்ச் 1-ல் கர்நாடகம் முழுவதும் அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது சம்பள உயர்வும் பழைய ஓய்வூதியமும் சேர்ந்தே கோரிக்கையில் இருந்தன. அன்றே பதினேழு விழுக்காடு இடைக்கால உயர்வுக்கு ஆணை வந்தது, வேலைநிறுத்தம் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஓய்வூதியத்தை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது.